கன்று நடுவதற்கு அப்பால்: இயற்கைப் பாதுகாப்பில் இளைஞர்கள் தங்கள் நேரத்தை எதற்குக் கொடுப்பது?

கேள்வி – மாணவர் குழு ஒருங்கிணைப்பாளர்

அனைவருக்கும் வணக்கம். கல்லூரி மாணவர்கள் சேர்ந்து நடத்தும் சிறிய இயற்கைக் குழு ஒன்றை ஒருங்கிணைக்கும் பொறுப்பு இந்த ஆண்டு என்னிடம் வந்திருக்கிறது. குழுவின் பழைய பதிவேடுகளைப் படித்தபோது மனத்தை உறுத்திய ஒன்றைப் பற்றித்தான் இங்கே கேட்கிறேன்.

ஒவ்வோர் ஆண்டும் ஜூன் 5 அன்று சுற்றுச்சூழல் நாள் வருகிறது. எங்களை அழைக்கிறார்கள், உறுதிமொழி எடுக்கச் சொல்கிறார்கள், கன்று நடச் சொல்கிறார்கள், பதாகையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் எங்களைப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். நட்ட கன்றுகளில் எத்தனை அடுத்த கோடையைத் தாண்டின என்ற குறிப்பு பதிவேட்டில் ஓரிடத்திலும் இல்லை. பேச்சாளர்கள் எல்லாரும் "எதிர்காலம் உங்கள் கையில்" என்கிறார்கள். ஆனால் நிலத்தை என்ன செய்வது, நீரை எங்கே திருப்புவது, எந்த எரிபொருளை எத்தனை ஆண்டு எரிப்பது என்பன போன்ற முடிவுகள் எடுக்கப்படும் அறைகளில் எங்கள் வயதுக்காரர் யாரும் இருப்பதில்லை.

இதனால் குழுவிற்குள்ளேயே கருத்து பிரிந்து நிற்கிறது. ஒரு சாரார் சத்தமில்லாமல் களத்தில் வேலை செய்வோம் என்கிறார்கள். இன்னொரு சாரார், உலக வெப்பநிலையை நிர்ணயிக்கும் முடிவுகள் அரசுகளிடமும் பெருநிறுவனங்களிடமும் இருக்கும்போது நாம் ஒரு குளக்கரையைத் துப்புரவு செய்து என்ன ஆகப்போகிறது, அழுத்தம் கொடுப்பதுதான் நம் வேலை என்கிறார்கள். இருவர் பேச்சிலும் நியாயம் இருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது. எங்களிடம் பணம் இல்லை. வார இறுதியில் சில மணி நேரமும் நடக்கத் தெம்புள்ள கால்களும் இருக்கின்றன. மூன்று ஆண்டுகளில் ஒவ்வொருவரும் படிப்பை முடித்து வெளியேறிவிடுவோம். இந்த நிலையில் உள்ள இளைஞர்கள் எந்த வேலையைக் கையில் எடுத்தால் அதற்கு உண்மையான பயன் இருக்கும்? அனுபவம் உள்ளவர்கள் தயவுசெய்து விரிவாகச் சொல்லுங்கள்.

மறுமொழி 1 – களச் சூழலியலாளர்

முதலில் கன்று நடுவதைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் இளைஞர்களின் உழைப்பு மிக அதிகமாக வீணாவது அங்கேதான். மரம் நடுவது எல்லா இடத்திலும் நன்மை என்ற எண்ணமே பிழையானது. இயற்கையான புல்வெளி என்பது மரம் இல்லாமல் வறண்டுபோன காடு அன்று. அது தனக்கென்று பறவைகளும் பூச்சிகளும் மேயும் விலங்குகளும் கொண்ட தனி வாழிடம். அதன் கரிமச் சேமிப்பில் பெரும்பகுதி மண்ணுக்குள் வேர்களோடு இருக்கிறது. அங்கே குழி தோண்டி மரம் வைத்தால் அந்த வாழிடத்தைத்தான் அழிக்கிறோம். கடலோரத்திலும் இதே கதை உலகின் பல நாடுகளில் நடந்திருக்கிறது. அலையாத்திக் காட்டை மீட்கிறோம் என்று சொல்லி, நடுவதற்கு எளிதான ஒரே இனத்தை, கரைப்பறவைகள் இரை தேடும் சேற்றுவெளியில் வரிசையாக நடுகிறார்கள். அந்தச் சேற்றுவெளி நாளின் பெரும்பகுதி நீரில் மூழ்கிக் கிடப்பதால் நாற்றுகள் மூச்சுத் திணறி மடிகின்றன. அடைபட்ட நீரோட்டத்தைத் திறந்துவிட்டிருந்தால், அருகில் தாய்மரங்கள் இருக்கும் இடங்களில் அலையே விதைகளைக் கொண்டுவந்து சேர்த்திருக்கும்.

ஆகவே களப்பணி செய்ய விரும்பினால், நடுவதற்கு முன் அந்த இடம் முன்பு என்னவாக இருந்தது என்று கேளுங்கள். பல இடங்களில் ஊடுருவிய அயல் தாவரங்களை வேரோடு அகற்றி, மேய்ச்சலையும் தீயையும் சில ஆண்டுகள் கட்டுப்படுத்தினாலே மண்ணில் உறங்கும் விதைகள் தாமாக எழும். நட்டே ஆக வேண்டிய இடமாக இருந்தால், நடும் நாளைவிட அடுத்த இரண்டு மூன்று கோடைகள்தான் முக்கியம். அதற்கு ஆள் இல்லை என்றால் நடாமல் இருப்பதே நேர்மை.

இனி நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். உங்களிடம் இருப்பதாகச் சொன்ன நேரமும் கால்களும் எதற்கு மிகச் சரியாகப் பொருந்தும் என்றால், ஓர் இடத்தைத் தொடர்ந்து பார்த்துப் பதிவு செய்வதற்கு. இது சிறிய வேலை போலத் தோன்றலாம், ஆனால் காலநிலை பற்றி இன்று நமக்கு உறுதியாகத் தெரிந்தவற்றில் பெரும்பகுதி இப்படித்தான் வந்தது. 1958-ஆம் ஆண்டு, 30 வயதை இன்னும் எட்டாத சார்லஸ் கீலிங் என்ற ஆய்வாளர் ஹவாயின் மௌனா லோவா மலையில் காற்றில் உள்ள கரியமில வாயுவை அளக்கத் தொடங்கினார். அப்போது பத்து லட்சம் பங்கில் ஏறத்தாழ 315 பங்கு இருந்தது. இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. ஒரே ஓர் அளவு எதையும் நிறுவியிருக்காது. ஒரே இடத்தில் ஒரே முறையில் பல்லாண்டு அளந்ததால்தான் அந்த ஏறுகோடு மறுக்க முடியாததாக ஆனது.

இதற்குப் பெரிய ஆய்வகம் தேவை என்று எண்ண வேண்டாம். ஜெர்மனியின் கிரேஃபெல்ட் நகரைச் சேர்ந்த பூச்சியியல் சங்கத்தினரில் பெரும்பாலோர் தன்னார்வலர்கள். அவர்கள் 1989 முதல் 63 பாதுகாக்கப்பட்ட பகுதிகளில் ஒரே வகைப் பொறியை ஒரே முறையில் வைத்து, பிடிபட்ட பறக்கும் பூச்சிகளின் எடையைக் குறித்துவந்தார்கள். 2017-இல் அந்தத் தரவு வெளியானபோது, 27 ஆண்டுகளில் அந்த எடை முக்கால் பங்குக்கும் மேல் குறைந்திருந்தது தெரிந்து உலகமே திகைத்தது. ஒவ்வோர் ஆண்டும் பொறியின் வகையை மாற்றியிருந்தால் அந்த உண்மை யாருக்கும் தெரியாமலே போயிருக்கும். மாணவர்களாலும் முடியும் என்பதற்குச் சான்று வேண்டுமானால், இன்று உலகெங்கும் உயிரினங்களைப் பதிவு செய்யப் பயன்படும் ஐநேச்சுரலிஸ்ட் தளத்தைப் பாருங்கள். அது 2008-இல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் சில மாணவர்களின் முதுநிலைப் பாடத்திட்டப் பணியாகப் பிறந்ததுதான்.

ஒரு நீர்நிலையையோ ஒரு புதர்க்காட்டையோ தேர்ந்தெடுங்கள். மாதத்தில் ஒரே வாரம், ஒரே நேரம், ஒரே பாதை. பார்த்தவற்றை மட்டுமன்றி, எதிர்பார்த்துப் போய்க் காணாதவற்றையும் எழுதுங்கள். அரிய உயிரினம் கூடு கட்டும் இடத்தை மட்டும் பொதுவெளியில் துல்லியமாக வெளியிடாதீர்கள், ஏனெனில் வேட்டையாடுவோரும் அதே தளங்களைப் படிக்கிறார்கள்.

மறுமொழி 2 – சட்டம் பயிலும் மாணவி

மேலே எழுதிய அன்பரின் கருத்தை மதிக்கிறேன், ஆனால் அதோடு நிறுத்திக்கொண்டால் நீங்கள் அழிவைத் துல்லியமாகக் குறித்துவைத்த தலைமுறையாக மட்டும் இருந்துவிடும் அபாயம் உண்டு. முடிவெடுக்கும் அறைக்குள் இளைஞர்களை யாரும் அழைக்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அழைப்பு இல்லாமலே நுழைந்தவர்கள் இருக்கிறார்கள், அவர்களைப் பற்றிச் சொல்ல விரும்புகிறேன்.

2019-இல் தென் பசிபிக் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்த 27 மாணவர்கள், காலநிலை விஷயத்தில் நாடுகளுக்கு உள்ள சட்டக் கடமை என்ன என்று சர்வதேச நீதிமன்றத்திடமே கேட்க வேண்டும் என்ற யோசனையை முன்வைத்தார்கள். அந்தக் கேள்வியைக் கேட்கும் அதிகாரம் மாணவர்களுக்குக் கிடையாது; ஐக்கிய நாடுகள் பொதுச்சபை கேட்க வேண்டும். அதனால் அவர்கள் தங்கள் பகுதியின் அரசுகளுக்குக் கடிதம் எழுதினார்கள். பசிபிக் தீவு நாடான வனுவாட்டுவின் அரசு அந்த யோசனையைத் தன்னுடையதாக ஏற்று, நாடு நாடாக ஆதரவு திரட்டியது. 2023 மார்ச்சில் பொதுச்சபை தீர்மானத்தை வாக்கெடுப்பின்றி ஒருமனதாக நிறைவேற்றியது. 2025 ஜூலை 23 அன்று நீதிமன்றம் கருத்துரை வழங்கியது. காலநிலை அமைப்பைப் பாதுகாப்பது நாடுகளின் சட்டக் கடமை என்றும், அதை மீறினால் இழப்பீடு உள்ளிட்ட விளைவுகள் எழக்கூடும் என்றும் அது சொன்னது. கருத்துரை தீர்ப்பைப் போலக் கட்டுப்படுத்தாது என்பது உண்மையே. ஆயினும் இனி எந்த நாட்டு நீதிமன்றத்திலும் வழக்காடுவோர் அதை எடுத்துக்காட்டலாம். இதில் நான் வியப்பது அந்த மாணவர்களின் துணிச்சலைவிட அவர்களின் நடைமுறை அறிவை. எந்தக் கதவு யாருக்குத் திறக்கும் என்பதை முதலில் கற்று, திறக்கக்கூடியவரை அங்கே அழைத்துச் சென்றார்கள்.

ஜெர்மனியில் 2021-இல் நடந்ததும் இவ்வகையானதே. 2019-இல் இயற்றிய காலநிலைச் சட்டம் 2030-க்குப் பிறகு என்ன செய்வது என்பதைப் போதுமான அளவு சொல்லவில்லை. இளைஞர்கள் உள்ளிட்டோர் தொடுத்த வழக்கில், இன்றைய தளர்வு நாளைய தலைமுறையின் சுதந்திரத்தை நெருக்கும் என்று அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் கூறியது. அதே ஆண்டில் சட்டம் திருத்தப்பட்டது: புவியைச் சூடாக்கும் வாயுக்களின் வெளியேற்றத்தை 2030-க்குள் குறைக்கும் இலக்கு 55 விழுக்காட்டிலிருந்து 65 ஆகவும், நிகர சுழியத்தை (வெளியேற்றும் அளவுக்கு வாயுவைத் திரும்ப உறிஞ்சி ஈடுசெய்யும் நிலையை) எட்டும் ஆண்டு 2050-இலிருந்து 2045 ஆகவும் மாறின. அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் 16 இளையோர் தொடுத்த வழக்கில் 2023-இல் அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. மறு ஆண்டு மாநில உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது.

தோல்விகளையும் மறைக்கக் கூடாது. அமெரிக்க நடுவண் அரசின் மீது 2015-இல் 21 இளையோர் தொடுத்த வழக்கு, அதன் சாரத்தைப் பற்றிய விசாரணைக்கே வராமல் ஆண்டுக்கணக்கில் இழுபட்டு முடிந்தது. ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தில் 2024 ஏப்ரல் 9 அன்று நடந்ததை நான் அடிக்கடி நினைத்துப்பார்ப்பதுண்டு. முப்பதுக்கும் மேற்பட்ட நாடுகளின் மீது ஆறு போர்ச்சுகீசிய இளையோர் தொடுத்த வழக்கு, சொந்த நாட்டு நீதிமன்றங்களை முதலில் அணுகவில்லை என்பது போன்ற காரணங்களால் ஏற்கப்படவில்லை. அதே நாளில், சுவிட்சர்லாந்து அரசின் மீது அந்நாட்டு மூத்த பெண்களின் சங்கம் தொடுத்த வழக்கு வென்றது. அந்தப் பெண்கள் உள்நாட்டு நீதிமன்றங்களை ஒவ்வொன்றாக ஏறி இறங்கிய பிறகே அங்கே வந்திருந்தார்கள்.

உங்கள் குழு நாளைக்கே வழக்குத் தொடுக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பல நாடுகளில் ஒரு பெரிய திட்டம் வரும்போது சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை வெளியாகும்; பொதுமக்கள் கருத்துச் சொல்லக் குறிப்பிட்ட காலம் தரப்படும். அந்த அறிக்கைகளை வரி விடாமல் படிப்பவர்கள் மிகக் குறைவு. 'இப்பகுதியில் குறிப்பிடத்தக்க உயிரினங்கள் இல்லை' என்று ஓர் அறிக்கை சொல்லும்போது, பல மாதங்களாகத் தேதியுடன் குறித்துவைத்த பதிவை எதிரே வைக்கக்கூடிய ஒரு குழு இருந்தால், அதை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. அந்த அளவில் முதல் மறுமொழிக்கும் எனக்கும் பகை ஒன்றுமில்லை. பதிவேடு அலமாரியிலேயே இருந்துவிடக் கூடாது என்பதுதான் என் வேண்டுகோள்.

மறுமொழி 3 – பள்ளி ஆசிரியர்

இரு மறுமொழிகளையும் மகிழ்ச்சியோடு படித்தேன். இவற்றில் விடுபட்ட ஒன்றை, இளையோரோடு நாள்தோறும் பழகுபவன் என்ற முறையில் சேர்க்கிறேன்.

2021-இல் வெளியான ஓர் ஆய்வில், பத்து நாடுகளைச் சேர்ந்த 16 முதல் 25 வயது வரையிலான 10,000 பேரிடம் காலநிலை மாற்றம் பற்றிய அவர்களின் மனநிலையைக் கேட்டார்கள். அவர்களில் 59 விழுக்காட்டினர் மிகுந்த கவலையில் இருந்தார்கள்; 45 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் அந்த உணர்வு தங்கள் அன்றாட வாழ்வைப் பாதிப்பதாகச் சொன்னார்கள். இப்படிப்பட்ட தலைமுறையை மேடையேற்றி, நீங்கள்தான் பூமியைக் காப்பாற்ற வேண்டும் என்று சொல்வதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வேதனையாக இருக்கும். பத்து வயதுக் குழந்தைக்கு வாக்கு இல்லை, வருமானம் இல்லை, மின்நிலையம் கட்டும் அதிகாரமும் இல்லை. அதிகாரம் உள்ளவர்கள் தங்கள் கடமையைக் குழந்தையின் தோளுக்கு மாற்றிவிட்டு, அதற்கு ஊக்குவிப்பு என்று பெயர் சூட்டிக்கொள்கிறார்கள். உலக வெப்பநிலை உயர்வுக்குப் பாரிஸ் உடன்படிக்கை குறித்த 1.5 பாகை செல்சியஸ் வரம்பைக் காக்க வேண்டுமானால், புவியைச் சூடாக்கும் பசுங்குடில் வாயுக்களின் வெளியேற்றம் 2019-இல் இருந்த அளவிலிருந்து 2030-க்குள் ஏறத்தாழ 43 விழுக்காடு குறைய வேண்டும் என்று ஐ.நா.வின் அறிவியல் அமைப்பான, அரசுகளுக்கு இடையிலான காலநிலை மாற்றக் குழு (ஐ.பி.சி.சி.) சொன்னது. அந்தக் காலத்திற்குள் இன்றைய பள்ளிப் பிள்ளைகளில் பலர் படிப்பையே முடித்திருக்க மாட்டார்கள். ஆகவே அந்தப் பணி இப்போது பொறுப்பில் இருக்கும் நம்முடையது. பிள்ளைகளுக்காகக் காத்திருக்கக்கூடியது அன்று.

அப்படியென்றால் இளையோருக்குப் பங்கே இல்லையா என்று கேட்கலாம். நிச்சயமாக உண்டு. 2018 ஆகஸ்டில் 15 வயது கிரேட்டா துன்பர்க் சுவீடன் நாடாளுமன்றத்தின் முன் தனியாக அமர்ந்தார். மறு ஆண்டு செப்டம்பரில் பல நாடுகளின் தெருக்களில் லட்சக்கணக்கானோர் திரண்டார்கள். ஆனால் அவர் திரும்பத் திரும்பச் சொன்னது, எங்களைப் பாராட்டாதீர்கள், அறிவியலாளர்கள் சொல்வதைக் கேட்டுச் செயல்படுங்கள் என்பதைத்தான். பாராட்டைப் பெற்றுக்கொண்டு அமைதியாகிவிடாமல் இருந்ததே அவருடைய பலம் என்று நினைக்கிறேன். 1970 ஏப்ரல் 22 அன்று அமெரிக்காவில் நடந்த முதல் புவி நாளை ஒருங்கிணைத்த டெனிஸ் ஹேஸுக்கு அப்போது வயது 25. கல்லூரி மாணவர்கள் கலந்துகொள்ள வசதியாக, விடுமுறைக்கும் தேர்வுக்கும் நடுவே தேதியைத் தேர்ந்தார்கள். சுமார் 2 கோடிப் பேர் பங்கேற்றார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் அந்நாட்டில் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை உருவானது. மாணவர்கள் அங்கே ஆற்றைத் தாங்களே தூய்மை செய்து முடிக்கவில்லை. தூய்மை செய்ய வேண்டியவர்கள் தட்டிக்கழிக்க முடியாதபடி செய்தார்கள்.

இன்னொன்றையும் கேட்க விரும்புகிறேன். உங்கள் குழுவில் யார் யார் இருக்கிறார்கள்? மீன்பிடித்தும் கால்நடை மேய்த்தும் காட்டுப்பொருள் சேகரித்தும் வாழும் குடும்பத்து இளையோர் யாராவது இருக்கிறார்களா? இயற்கைக் குழுக்கள் பெரும்பாலும் படித்தவர்களின் ஓய்வுநேரக் கூட்டமாகவே அமைந்துவிடுகின்றன. எந்தப் புல் எந்த மழைக்குப் பின் முளைக்கும், எந்த மீன் எந்தத் திங்களில் கரையோரம் வரும் என்பதை அறிந்த இளைஞர் பிழைப்புக்காக வெளியே நிற்கிறார். பாதுகாப்பு என்ற பெயரில் எடுக்கப்படும் முடிவுகள் முதலில் தொடுவதும் அவர் வாழ்க்கையைத்தான். அவரைத் தகவல் சொல்லும் ஆளாக மட்டும் வைத்துக்கொள்ளாமல் குழுவின் முடிவுகளில் சமமாகச் சேருங்கள். அவர் வேலைநேரத்திற்கு ஏற்பச் சந்திப்புகளை வையுங்கள்.

பாதுகாப்பு பற்றியும் ஒரு வரி: மணல், மரம், கழிவு இவற்றில் பெரும்பணம் புரளும் இடங்களில் கேள்வி கேட்பவர்களுக்கு உயிராபத்து உண்டு என்பதை உலகெங்கும் பார்க்கிறோம். அத்தகைய இடங்களுக்கு மாணவர்கள் தனியாகப் போகக் கூடாது. பதினெட்டு வயது நிரம்பாதவர்களின் பெயரோ படமோ வெளியே போகக் கூடாது.

கேள்வி கேட்டவரின் பதில்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. எங்கள் குழுவில் இருந்த பிளவு, வேலையை இரண்டாகப் பிரித்துப் பார்த்ததால் வந்தது என்று இப்போது தோன்றுகிறது. நாங்கள் நடந்துபோகும் தொலைவில் வலசைப் பறவைகள் தங்கும் ஒரு நீர்நிலை இருக்கிறது. அதையே எடுத்துக்கொள்ளலாம் என்று எண்ணுகிறேன். கரையில் மாடு மேய்க்கும் இளைஞர்கள் இருவர் எங்களுக்கு அறிமுகமானவர்கள்; அவர்களை வழிகாட்டியாக அன்றி உறுப்பினர்களாகவே அழைக்கப்போகிறோம். ஆசிரியர் ஐயா கேட்டிராவிட்டால் இதை நாங்கள் யோசித்திருக்கவே மாட்டோம். பறவைகளைக் கணக்கெடுப்பவர்களும், அந்த நீர்நிலை தொடர்பான அரசு ஆவணங்களைப் படிப்பவர்களும் மாதம் ஒருமுறை ஒன்றாக அமர்ந்து ஒப்பிட்டுப் பார்ப்பது என்றும் பேசியிருக்கிறோம்.

ஒரு சந்தேகம் மட்டும் மீதம் இருக்கிறது. ஆள் மாறிக்கொண்டே இருக்கும் ஒரு குழு எடுக்கும் கணக்கை யார் நம்புவார்கள்? மூத்தவர் ஒருவர் எண்ணினால் நூறு வாத்து, புதியவர் எண்ணினால் அறுபது என்று வந்தால் எதை எழுதுவது?

மறுமொழி 4 – களச் சூழலியலாளர்

மிகச் சரியான கேள்வி. ஆள் மாறுவது குறை அன்று. மாறியது குறிக்கப்படாமல் போவதுதான் குறை. ஒவ்வொரு கணக்கெடுப்பிலும் எண்ணியவர் யார், எந்தத் தொலைநோக்கி, வானிலை எப்படி, எத்தனை நிமிடம் என்பதை எழுதுங்கள். வெளியேறப்போகும் ஆண்டில் உள்ளவரும் புதிதாக வந்தவரும் பல மாதங்கள் சேர்ந்தே செல்லட்டும். ஒருவர் எண்ணுவதை மற்றவர் பார்க்காமல் தனித்தனியே எண்ணி, இரண்டையும் பதிவு செய்யுங்கள். நூறும் அறுபதும் வந்தால் நூறையும் அறுபதையும் எழுத வேண்டும். சராசரி போட்டு எண்பது என்று எழுதக் கூடாது. அந்த வேறுபாடே பின்னால் ஆய்வு செய்பவருக்கு உங்கள் கணக்கின் துல்லியம் எவ்வளவு என்று சொல்லும்.

கணக்கெடுக்கும் முறையை ஒரே பக்கத்தில் எழுதி, பதிவேட்டின் முதல் தாளாக ஒட்டுங்கள். முறையை எப்போதாவது மாற்ற நேர்ந்தால், மாற்றிய தேதியைக் குறித்து, சில மாதங்கள் பழைய முறையையும் புதிய முறையையும் சேர்த்தே நடத்துங்கள். தரவு ஒரே ஒருவரின் கணினியில் இருக்கக் கூடாது. பொதுத் தளம் ஒன்றில் ஏற்றிவிடுங்கள்.

தேர்வுக் காலத்தில் கணக்கெடுக்கப் போக முடியாமல் போகும், அது இயல்பு. மௌனா லோவாவிலேயே 1964-இல் நிதி இல்லாமல் சில மாதங்கள் அளவீடு நின்றிருக்கிறது. அப்படிப்பட்ட மாதத்தின் கட்டத்தை வெறுமையாக விட்டு, பக்கத்தில் 'செல்லவில்லை' என்று எழுதுங்கள். அங்கே சுழியம் போட்டுவிட்டால், பறவை வராத மாதத்தையும் நீங்கள் போகாத மாதத்தையும் பிற்பாடு யாராலும் பிரித்தறிய முடியாது.